இரண்டு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் இடம் கிடைத்தால்: பெங்களூரிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பையனுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்று ஊருக்கு நடுவே இருக்கும் பழைய கல்லூரி. அல்சூரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். மூன்று ஆண்டு பி.ஏ. மற்றது நகர எல்லையைத் தாண்டி, அங்கேயே தங்கிப் படிக்கும் புதிய பல்கலைக்கழகம். நான்கு ஆண்டு. இரண்டுமே நல்ல இடங்கள், அதனால்தான் ஆறு வாரம் தூக்கம் கெட்டது. ஒன்று மோசமாக இருந்திருந்தால் அன்றைக்கே முடிவு செய்திருப்போம்.

நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவள். நானும் என் கணவரும் தபால் வழியில் பி.காம். முடித்தவர்கள். எது வேண்டும் என்று எங்களை யாரும் கேட்டதில்லை. அதனால் பிள்ளைக்கு எப்படித் துணை நிற்பது என்பதை அந்த ஆறு வாரத்தில்தான் கற்றுக்கொண்டோம். இதே இடத்தில் நிற்கும் பெற்றோருக்காக, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசை தப்பினால் என்ன ஆகும் என்பதையும் ஓரிரு இடத்தில் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

தொடங்கும் முன்: இது நம் ஊர் ‘ஆர்ட்ஸ் காலேஜ்’ தானா?

திருப்பத்தூரிலிருந்து பையனின் பெரியப்பா போன் செய்தார். “ஏம்மா, பி.சி.எம்.பி. எடுத்த பையன் ஆர்ட்ஸ் படிக்கிறேங்கறான், நீயும் தலையாட்டறியா?” பி.சி.எம்.பி. என்றால் பி.யு.வில், அதாவது இங்கத்துப் பிளஸ் டூவில், இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் சேர்ந்த பிரிவு. பெரியப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டி வந்ததால்தான் நானே ஒழுங்காகப் புரிந்துகொண்டேன்.

லிபரல் ஆர்ட்ஸ் என்றால் கலைப் பாடம் மட்டும் இல்லை. பழைய ஐரோப்பாவில் இந்தப் பெயரில் ஏழு பாடங்களைச் சேர்த்துச் சொன்னார்கள்: இலக்கணம், தருக்கம், சொற்கலை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல். அதிலேயே கணக்குக்கு இரண்டு இடம் இருக்கிறது. இன்றைக்கு இந்த முறையில் நடக்கும் கல்லூரிகளில் முதல் ஆண்டு எல்லாரும் பொதுவான சில பாடங்களைப் படிப்பார்கள். பிறகு ஒன்றை மேஜராகவும் (முதன்மைப் பாடம்), வேண்டுமானால் இன்னொன்றை மைனராகவும் (துணைப் பாடம்) எடுப்பார்கள். இயற்பியல் மேஜர், தத்துவம் மைனர் என்றுகூட எடுக்கலாம். இந்தியாவில் இது இந்தப் பெயரில் பரவலானது கடந்த பதினைந்து ஆண்டுகளில்தான். பெங்களூரில் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2010இல் கர்நாடகச் சட்டத்தின் கீழ் அமைந்தது. டெல்லிக்குப் பக்கத்தில் சோனிபட்டில் அசோகா பல்கலைக்கழகம் 2014இல் வந்தது. சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லைக்குள், ஸ்ரீசிட்டியில் கிரியா பல்கலைக்கழகம் 2018இல் வந்தது.

ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் கவனிக்காமல் விடும் ஒன்று இருக்கிறது. அங்கே பி.ஏ. வரலாறு, பி.எஸ்சி. விலங்கியல் என்று ஒரே பாடத்தில் சேர்வோம். பெங்களூரின் பழைய கல்லூரிகளில் மூன்று பாடங்களைச் சேர்த்துப் படிக்கும் வழக்கம் வெகுநாளாக உண்டு. வரலாறு, பொருளாதாரம், அரசியல் அறிவியல் மூன்றும் ஒரே பட்டத்துக்குள் வரும். விலங்கியல், தாவரவியல், வேதியியல் ஒரு கூட்டு. ‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்று பலகை வைக்காவிட்டாலும் அதுவும் ஒரு பரந்த படிப்புதான். ஆகவே பலகையைப் பார்த்து ஒன்று புதிது, மற்றது பழசு என்று பிரித்துவிடாதீர்கள். பி.ஏ. கூட்டுக்குள் பி.எஸ்சி. பாடம் பெரும்பாலும் வராது என்பதுதான் உண்மையான வேறுபாடு. அந்தச் சுவர் உங்கள் பிள்ளைக்கு இடிக்குமா இடிக்காதா என்பதுதான் கேள்வி.

முதல் படி: பிள்ளை சொல்வதைக் கேட்பது

“உனக்கு எது பிடிச்சிருக்கு?” என்று நேராகக் கேட்டால் பதினேழு வயதில் கிடைக்கும் பதில் “தெரியல” தான். சாப்பாட்டு மேசையில் அப்பாவும் அம்மாவும் எதிரே உட்கார்ந்து கேட்டால் அதுவும் கிடைக்காது. நாங்கள் சாயங்காலம் ஏரிக்கரை ஓரமாக நடக்கும்போது பேசினோம். முகத்தை முகம் பார்க்காமல் நடக்கையில் பிள்ளைகள் நிறையப் பேசுகிறார்கள்.

கேள்வியையும் மாற்றினேன். “போன ஒரு வருஷத்துல யாரும் சொல்லாம நீயா உட்கார்ந்து செஞ்சது மூணு சொல்லுடா.” யோசித்துச் சொன்னான். பழைய பெங்களூர் வரைபடங்களில் இன்று காணாமல்போன ஏரிகளைத் தேடினானாம். பயாலஜி லேபில் ஏரித் தண்ணீரை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தானாம். தமிழ்ச் சங்க நூலகத்தில் சோழர் காலத்து ஏரி வாரியம் (ஏரியைக் கவனித்துக்கொண்ட ஊர்க் குழு) பற்றி ஒரு கட்டுரை படித்தானாம்.

மூன்றும் ஒரே இடத்தில் வந்து நின்றன. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. அப்போது அவனுக்கு எட்டு வயது. மூக்கைப் பொத்திக்கொண்டு வேலிக் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றான். “மீன் ஏம்மா செத்துச்சு?” என்று கேட்டதற்கு நான் “சாக்கடை கலந்துடுச்சு கண்ணா” என்றேன். “யாரு கலந்தா?” என்று அடுத்துக் கேட்டான். இத்தனை ஆண்டும் அந்தக் கேள்வியோடுதான் இருந்திருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

கல்லூரிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் இந்தப் பேச்சு நடந்துவிட வேண்டும். ஒரு தாளில் பிள்ளை தன் கையால் இரண்டு மூன்று வரி எழுதட்டும். பிறகு வரும் எல்லாவற்றையும் அந்தத் தாளோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள்.

இரண்டாம் படி: வீட்டின் பண எல்லையை இப்போதே சொல்வது

இதைக் கடைசியில் சொன்னால் பிள்ளை உடைந்துபோகும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பெண் மனத்தளவில் ஒரு கல்லூரியில் சேர்ந்தே விட்டாள். அதன்பிறகு அப்பா “அவ்வளவு முடியாதும்மா” என்றார். அந்த வீட்டில் இரண்டு மாதம் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அப்பா மேல் தப்பில்லை. சொன்ன நேரம்தான் தப்பு.

எங்கள் சம்பளம், வீட்டுக் கடன் தவணை, தங்கைக்காக எடுத்து வைத்திருப்பது எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனுக்குக் காட்டினோம். “மொத்தத்துல இவ்வளவு நாங்க போட முடியும். இவ்வளவு வரைக்கும் கடன் வாங்கலாம். அதுக்கு மேல எந்த காலேஜா இருந்தாலும் இல்ல” என்று அவன் அப்பா சொன்னார். பையன் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் பிறகு ஒருமுறைகூட அந்த எல்லையைத் தாண்டி அவன் கேட்கவில்லை.

மூன்றாம் படி: பளபள புத்தகத்தை மூடிவிட்டுப் பாடத்திட்டத்தைத் திறப்பது

கல்லூரிகள் அனுப்பும் வண்ணப் புத்தகங்களில் மரத்தடியில் உட்கார்ந்து சிரிக்கும் மாணவர்கள் இருப்பார்கள். அதை எடுத்து வைத்துவிட்டு இவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

முதலாவது, இரண்டாம் ஆண்டின் கால அட்டவணை. முதல் ஆண்டு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். பிள்ளை விரும்பும் பாடம் சூடு பிடிப்பது இரண்டாம் ஆண்டில்தான். திங்கள் முதல் வெள்ளி வரை எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் தானாகப் படிக்க விடுகிறார்கள், லேப் எப்போது, களப்பயணம் உண்டா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

இரண்டாவது, கையேட்டில் அச்சிட்டிருக்கும் விருப்பப் பாடங்களில் எவை போன ஆண்டு உண்மையிலேயே நடந்தன என்பது. அறுபது பாடங்களின் பெயர் இருக்கும். ஆசிரியர் விடுப்பில் போயிருப்பார், போதிய பேர் சேர்ந்திருக்க மாட்டார்கள், பாதி நடக்காது. “சுற்றுச்சூழல் வரலாறு கடைசியா எந்த செமஸ்டர்ல நடந்தது? எத்தனை பேர் படிச்சாங்க?” என்று பையனே மின்னஞ்சலில் கேட்டான். ஒரு இடத்திலிருந்து மறுநாளே எண்ணிக்கையோடு பதில் வந்தது. மற்ற இடத்தில் “அலுவலகத்துக்கு நேரில் வரவும்” என்றார்கள். போனபோது துறைத் தலைவரே உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினார். ஆகவே பதில் வரும் வேகத்தை வைத்து மட்டும் எடைபோட வேண்டாம். பழைய கல்லூரிகள் நேரில் பேசத்தான் பழகியவை.

மூன்றாவது, பிள்ளை போக நினைக்கும் துறையில் ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்களில் நிரந்தரமானவர் எத்தனை, கெஸ்ட் லெக்சரர் எத்தனை. கெஸ்ட் லெக்சரர்களில் அருமையாகப் பாடம் நடத்துபவர்கள் உண்டு. ஆனால் அடுத்த ஆண்டும் அவர் அங்கே இருப்பாரா என்று அவராலேயே சொல்ல முடியாது. மூன்றாம் ஆண்டு ஆய்வுக் கட்டுரைக்கு வழிகாட்ட ஆள் வேண்டும் அல்லவா?

இந்த எண்களை எங்கே பார்ப்பது? மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் கல்லூரி எத்தனையாவது என்று எல்லாரும் பார்க்கிறோம். 2016இலிருந்து அந்தத் தரவரிசை வருகிறது, கல்லூரிகளுக்கான பட்டியல் 2017இலிருந்து. வரிசை எண்ணைவிடப் பயனுள்ளது, அதற்காகக் கல்லூரி கொடுக்கும் தகவல் கோப்பு. பங்கேற்கும் கல்லூரிகள் அதைத் தங்கள் இணையதளத்திலேயே போட வேண்டும். ஆசிரியர் பட்டியல், மாணவர் எண்ணிக்கை, எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், நடுவான சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேல்படிப்புக்குப் போனார்கள் என எல்லாம் இருக்கும். கல்லூரியே கொடுக்கும் கணக்கு என்பதை மறக்காமல் படியுங்கள். வரிசையில் இல்லாத புதிய கல்லூரி மோசம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டுக்காகக் கல்லூரி எழுதிய சுயமதிப்பீட்டு அறிக்கை கிடைத்தால் அதையும் புரட்டுங்கள். நீளமாக இருக்கும், ஆனால் மாணவர்–ஆசிரியர் விகிதம், நூலகச் செலவு போன்றவை அதில் கிடைக்கும்.

நான்காம் படி: மூன்று ஆண்டா, நான்கு ஆண்டா?

2020 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு நான்கு ஆண்டுப் பட்டம் பரவியது. கர்நாடகம் 2021–22இல் அதை எடுத்துக்கொண்டு, 2024–25 முதல் தன் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் இணைந்த கல்லூரிகளிலும் மீண்டும் மூன்று ஆண்டுக்குத் திரும்பியது. தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நான்கு ஆண்டு தொடர்கிறது. பெங்களூரில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வெவ்வேறு கால அளவு இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பிள்ளை பிறகு என்ன செய்ய நினைக்கிறது என்பதைப் பொறுத்தது இது. குடிமைப் பணித் தேர்வு, எம்.பி.ஏ., மூன்று ஆண்டுச் சட்டப் படிப்பு இவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட மூன்று ஆண்டுப் பட்டம் போதும். ஆராய்ச்சிப் பக்கம் போக நினைத்தால் நான்காவது ஆண்டுக்கு மதிப்பு உண்டு. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) கொண்டுவந்த விதிப்படி நான்கு ஆண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர்கள் முதுகலை இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. வெளிநாட்டில் முதுகலைக்கு, குறிப்பாக அமெரிக்காவில், பல இடங்களில் நான்கு ஆண்டுப் பட்டம் எதிர்பார்ப்பார்கள். மூன்று ஆண்டு முடித்தவர்கள் இங்கே எம்.ஏ. முடித்துவிட்டுப் போவதும் நடக்கிறது.

நான்காவது ஆண்டு என்பது ஒரு ஆண்டுச் சம்பளம் தள்ளிப்போவதும்தான். அதையும் கணக்கில் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: முழுக் கணக்கு

இது என் தொழில், அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதல் ஆண்டுக் கட்டணத்தை நான்கால் பெருக்கி மொத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். எடுத்துக்காட்டாக, கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 3 லட்சம் என்று வையுங்கள். பெருக்கினால் 12 லட்சம். ஆண்டுதோறும் 8 சதவீதம் ஏறினால் நான்கு ஆண்டில் 13.52 லட்சம் ஆகிறது. ஒன்றரை லட்சம் வித்தியாசம், பிள்ளை உள்ளே போன பிறகு வருகிறது. “கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு ஏறும், அதற்கு உச்சவரம்பு உண்டா?” என்று எழுத்தில் கேளுங்கள். விடுதி, மெஸ், காப்புத்தொகை, களப்பயணம், லேப்டாப், வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்துபோகும் செலவு எல்லாம் தனித்தனி வரியாக வரட்டும். வீட்டிலிருந்து போய்வரும் கல்லூரிக்கும் பஸ் பாஸ், மதியச் சாப்பாடு, புத்தகம் உண்டு.

உதவித்தொகையில் நான்கு கேள்விகள். அது கல்விக் கட்டணத்துக்கு மட்டுமா, விடுதிக்கும் சேர்த்தா? ஆண்டுதோறும் தானாகத் தொடருமா, அல்லது குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்தால்தானா? அந்த மதிப்பெண் எவ்வளவு? சதவீதமா, நிலையான தொகையா? கடைசிக் கேள்வியை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன கணக்கில், பாதிக் கட்டணம் தள்ளுபடி என்றால் நான்கு ஆண்டில் நீங்கள் கட்டுவது 6.76 லட்சம். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் நிலையாகத் தள்ளுபடி என்றால் 7.52 லட்சம். முதல் ஆண்டில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

கடன் வாங்குவதானால் தவணையைப் படிப்பு முடியும் நாளிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். பத்து லட்சம், 10 சதவீத வட்டி, பத்து ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 13,200 என்று கால்குலேட்டர் சொல்லும். ஆனால் படிக்கும் நான்கு ஆண்டும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லாவிட்டாலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு இரண்டரை லட்சமாக வாங்கினால் அதற்குள் தனிவட்டியே மூன்றரை லட்சம் சேரும். அதையும் அசலோடு சேர்த்துத் தவணை போட்டால் மாதம் ஏறத்தாழ 17,800. கலைப் பட்டதாரியின் முதல் சம்பளத்தில் அது எத்தனை பங்கு என்று பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். முடிந்தால் படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவாருங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் தருகிறார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்து வேறு அரசு உதவி பெறாதவர்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனில் தவணை தொடங்கும்வரை 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. அதற்கு ஆண்டுதோறும் எண்ணிக்கை வரம்பு இருப்பதால் சீக்கிரம் விண்ணப்பியுங்கள். உங்கள் இரண்டு கல்லூரிகளும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள், ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போகலாம். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்குக் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை கழிவு கிடைக்கும், புதிய முறையில் கிடைக்காது.

ஆறாம் படி: சாதாரண வேலை நாளில் போய்ப் பார்ப்பது

கல்லூரி எல்லாரையும் அழைத்துச் சுற்றிக்காட்டும் ‘ஓப்பன் டே’வுக்குப் போங்கள், தப்பில்லை. ஆனால் அது கல்யாண வீட்டுக்குப் போய் அந்தக் குடும்பத்தைப் புரிந்துகொள்வது போல. முன்கூட்டி எழுதிக் கேட்டுக்கொண்டு ஒரு செவ்வாயோ புதனோ போங்கள். ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள். பெற்றோர் வெளியே இருப்பது நல்லது. நான் கேன்டீனில் இருந்தேன்.

பையன் மாணவர்களிடம் கேட்டதில் ஒரு கேள்விதான் எங்களுக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது: “கடைசியா எழுதிக் கொடுத்த கட்டுரை என்ன? யாரு திருத்தினாங்க? திரும்பி வர எத்தனை நாள் ஆச்சு?” இந்தப் படிப்பின் உயிரே எழுதுவதும் அதைத் திருத்தி வாங்குவதும்தான். மதிப்பெண் மட்டும் போட்டுத் தருகிறார்களா, ஓரத்தில் எழுதித் தருகிறார்களா? தங்கிப் படிக்கும் இடத்தில் ஒரு பெண் தன் கட்டுரையைக் காட்டினாளாம். இரண்டு பக்கக் கட்டுரைக்கு ஒரு பக்கக் குறிப்பு. வகுப்பில் முப்பது பேர். நகரக் கல்லூரியில் வகுப்பில் எழுபது பேர். அங்கே ஒரு ஆசிரியர் மட்டும் அப்படி எழுதித் தருகிறாராம், அவர் பெயரை மூன்று மாணவர்கள் தனித்தனியாகச் சொன்னார்கள்.

நூலகத்துக்கும் போனோம். நகரக் கல்லூரி நூலகத்தில் தென்னிந்திய நீர்ப்பாசன வரலாறு பற்றிய ஒரு பழைய புத்தகத்தைப் பையன் எடுத்தான். அட்டை தேய்ந்து, பைண்டிங் பிரிந்து, துணி ஒட்டித் தைத்திருந்தார்கள். உள்ளே பக்க ஓரத்தில் யாரோ பென்சிலில் ‘இது தவறு, மதகு கட்டியது ஊர்ச்சபை’ என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழே வேறொரு கையெழுத்தில் ‘ஆதாரம்?’ என்று இருந்தது. அதற்கும் கீழே, இன்னொருவர் ஒரு கல்வெட்டு எண்ணை எழுதியிருந்தார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். பையன் அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை. புத்தகத்தில் எழுதக் கூடாதுதான். ஆனாலும் எனக்கு அந்தக் கல்லூரி மேல் அன்றைக்குப் பெரிய மரியாதை வந்தது, வீட்டுக்குப் பக்கத்தில் வேறு இருக்கிறதே என்று மனம் சாய்ந்தும்விட்டது.

புதிய இடத்து நூலகம் இரவு வெகுநேரம் திறந்திருந்தது. புத்தகங்கள் புதிது. மேசைகளில் இடமில்லாத அளவு பிள்ளைகள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

இவை தவிர, கழிப்பறையைப் பாருங்கள், மெஸ்ஸில் ஒரு வேளை சாப்பிடுங்கள். சாயங்காலம் ஆறரை மணிக்கு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நடந்து பாருங்கள், விளக்கு எரிகிறதா என்று தெரியும். மனநல ஆலோசகர் எத்தனை பேர், சந்திக்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று மாணவர்களிடம் கேளுங்கள், அலுவலகத்தில் அல்ல. ராகிங் தடுப்புக்கு 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது, பிள்ளையின் போனில் போட்டு வையுங்கள்.

ஏழாம் படி: மொழியும் பக்கத்து நாற்காலியும்

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம், யாரும் பேசுவதில்லை. எங்கள் பையன் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடமும் தமிழும், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்ந்தவன். ஆனாலும் புதிய இடத்து வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்து சொன்னான்: “எல்லாரும் யோசிக்காமயே இங்கிலீஷ்ல பேசறாங்கம்மா. நான் மனசுக்குள்ள வாக்கியம் கட்டி முடிக்கறதுக்குள்ள பேச்சு வேற பக்கம் போயிடுது.”

இதைக் கேட்டுப் பயந்து பின்வாங்க வேண்டியதில்லை. ஆனால் கல்லூரியிடம் கேளுங்கள்: முதல் ஆண்டில் எழுத்துப் பயிற்சிக்குத் தனி வகுப்போ உதவி மையமோ இருக்கிறதா? ஆங்கில வழியில் படிக்காத மாணவர்கள் எத்தனை பேர் படிக்கிறார்கள், அவர்களில் ஒருவரோடு பேச முடியுமா? பேச வைத்தார்கள். கலபுரகி பக்கத்துக் கன்னட வழிப் பள்ளியில் படித்த ஒரு பையன், முதல் செமஸ்டரில் வாயே திறக்கவில்லை என்றும், மூன்றாவது செமஸ்டரில் பழகிவிட்டது என்றும் மறைக்காமல் சொன்னான். அந்தப் பத்து நிமிடப் பேச்சு எங்களுக்குப் பெரிய உதவி.

பணக்கார வீட்டுப் பிள்ளைகள் நடுவே இருப்பதும் இதோடு சேர்ந்ததுதான். சனிக்கிழமை எல்லாரும் இந்திராநகரில் சாப்பிடப் போகும்போது தன் கையிருப்பைச் சொல்லி மறுக்கப் பிள்ளைக்குத் தெம்பு வேண்டும். மாதம் கைச்செலவுக்கு எவ்வளவு என்று முன்பே பேசிவிடுங்கள். பெங்களூரின் பழைய கல்லூரிகள் சிலவற்றில் தமிழை மொழிப்பாடமாக எடுக்கவும் வழி உண்டு. பிள்ளைக்கு அதில் பற்று இருந்தால் அதையும் தாளில் எழுதுங்கள்.

எட்டாம் படி: பிள்ளை முடிவெடுப்பது

கல்லூரிகளின் தேதிகள் ஒத்துவராது. தனியார் பல்கலைக்கழகங்கள் சில, இரண்டாம் பி.யு. தேர்வு நடக்கும்போதே இடம் தந்துவிடுகின்றன. நகரக் கல்லூரிகள் பல, முடிவு வந்தபிறகுதான் பட்டியல் போடும். நாங்கள் விண்ணப்பித்த மூன்றாவது கல்லூரி ஒன்று, மூன்று நாளுக்குள் ஐம்பதாயிரம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று தினமும் இரண்டு முறை போன் செய்தது. பயந்து கட்டிவிட்டோம். பிறகு அதைத் திரும்ப வாங்க நாலு முறை அலைந்தேன். அவகாசம் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள், பல இடங்களில் தருகிறார்கள்.

எல்லாத் தகவலும் வந்த பிறகு பையன் ஒரு வேலை செய்தான், அவனே யோசித்தது. மூன்று நாள் நகரக் கல்லூரியில் சேர்ந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு இருந்தான். காலையில் எழுந்து பஸ் ஏறி அந்த வாசல் வரை போய்வந்தான், அங்கே படிக்கப் போகும் பாடத்தின் முதல் புத்தகத்தைப் படித்தான். அடுத்த மூன்று நாள் மற்ற இடத்துக்காக அதேபோல. தினமும் இரவு இரண்டு வரி எழுதி வைத்தான். நாங்கள் கேட்கவில்லை.

பெற்றோருக்கு இந்த ஒரு வாரம் மிகக் கடினம். என் மனம் நகரக் கல்லூரியில் இருந்தது. அவன் வீட்டிலேயே இருப்பான், கடனும் வேண்டாம், அந்தப் பென்சில் குறிப்புகள் வேறு. ஆனால் நான் சாய்ந்திருப்பது தெரிந்தால் அவன் என்னைத் தள்ளிக்கொண்டோ என் பின்னாலோதான் முடிவெடுப்பான், தன் முடிவை எடுக்க மாட்டான். அதனால் வாயைத் திறக்கவில்லை. உறவினர்கள் போன் செய்தால் “அவன் யோசிச்சிட்டிருக்கான் மாமா, முடிவானதும் அவனே உங்ககிட்ட பேசுவான்” என்று மட்டும் சொன்னேன்.

ஏழாம் நாள் காலையில் நான் அடுப்படியில் இருக்கும்போது வந்து நின்றான். “அங்க தங்கிப் படிக்கறேம்மா. இங்க சேர்ந்தா பயாலஜிய விட்டுடணும். அத விட மனசு வரல.” அவ்வளவுதான் சொன்னான். அவன் அப்பா, “கடன் பேப்பர் எப்போ குடுக்கணும்னு பாரு” என்றார். பெரியப்பாவிடம் அவனே பேசினான். முக்கால் மணி நேரம். என்ன சொன்னானோ, கடைசியில் அவர் திருப்பத்தூர்ப் பெரிய ஏரி பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஒன்பதாம் படி: மற்ற இடத்திலிருந்து முறையாக விலகுவது

பணம் கட்டிவிட்ட கல்லூரியிலிருந்து விலகினால் என்ன திரும்பக் கிடைக்கும் என்பதற்கு யு.ஜி.சி. 2018இல் விதி வகுத்தது. கல்லூரி அறிவித்த சேர்க்கைக் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு முன்போ எழுதிக் கொடுத்தால் முழுத்தொகை. அதில் கட்டணத்தின் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், செலவுக்காகப் பிடிக்கலாம். கடைசி நாளுக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாளுக்குப் பின் 15 நாள் வரை 80 சதவீதம், 16ஆம் நாளிலிருந்து 30ஆம் நாள் வரை 50 சதவீதம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் யு.ஜி.சி. இதைவிடத் தாராளமாகத் தனி அறிவிப்பும் வெளியிடும். 2024–25க்குச் செப்டம்பர் 30 வரை முழுத்தொகை, அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்றார்கள். உங்கள் ஆண்டுக்கான அறிவிப்பைத் தேடிப் பாருங்கள்.

விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், நேரில் கொடுத்தால் நகலில் சீல் போட்டு வாங்குங்கள். எண்ணப்படும் தேதி அதுதான். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். தராவிட்டாலோ பணம் வராவிட்டாலோ யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் புகார் கொடுக்கலாம். என் ஐம்பதாயிரம் வந்தது, அந்த விதியின் நகலை மேசையில் வைத்துப் பேசிய பிறகு.

நகரக் கல்லூரிக்கு விலகல் கடிதம் எழுதும்போது பையன் அந்தத் துறைத் தலைவருக்கும் தனியாக ஒரு மடல் எழுதினான், நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி சொல்லி. அவர் மறுநாள் பதில் எழுதினார். கீழே அந்த நீர்ப்பாசனப் புத்தகத்தின் நூலக எண்ணைக் குறிப்பிட்டு, எப்போது வேண்டுமானாலும் வந்து படிக்கலாம், நூலகரிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்றிருந்தார்.